குழிக்குப் போன ஜன்னல்கள்

அண்ணியும் கொழுந்தனும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரமாகிறது. போன வாரம் நீங்களும் நானும் அந்த வீட்டுப் படியிறங்கி வந்தோமே, அன்றைக்கு ஆரம்பித்த மௌனம்.

சண்டை எதற்கென்று மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி கட்டும் குடும்பம் அது. மாமனார் முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகு, கடைக்குட்டியான கொழுந்தன் பொறுப்புக்கு வந்தார். மூத்தவர், அதாவது நம் கதாநாயகியின் கணவர், வேலையாட்களைப் பார்த்துக்கொள்கிறார். அவள் பொருட்களைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் அவள் அண்ணி. சைட்டில் எல்லோருக்கும் ஸ்டோர் அக்கா.

மேல் மாடிக்கு வந்த புது ஜன்னல்களும் கதவுகளும் சரக்கேற்றும் லிஃப்ட் பக்கத்தில் சேற்றில் கிடக்கின்றன, ஸ்டோரில் எடுத்து வைக்க இடம் கொடுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். ஸ்டோரில் பாதியைத் தடுத்துக் கண்ணாடி மாட்டித் தனக்கென்று ஆபீஸ் ரூம் போட்டுக்கொண்டிருந்தார் கொழுந்தன். ரெண்டு நாளில் மேலே ஏறப்போகிற சரக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் சொன்ன ரெண்டு நாள் நீண்டுகொண்டே போனது. நடுவில் மழை பெய்தது. அட்டைப் பெட்டிகள் ஊறிப் பிய்ந்தன. படுத்துக் கிடந்த கதவின் மேலேயே யாரோ சிமெண்ட் கலவை குழைத்தார்கள். வேறு பலகை கிடைக்கவில்லையாம்.

இன்றைக்குக் காலையில் அவள் சைட்டுக்குள் நுழைந்தபோது கேட்டை ஒட்டி ஒரு புல்வெளி இருந்தது.

நேற்று அங்கே இருந்தது குழி. மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கட்டும் என்று வரைபடத்தில் கோடு கிழித்துத் தோண்டிய குழிதான். ஆனால் தோண்டிய நாளிலிருந்து அதற்குள் தண்ணீரைத் தவிர எல்லாமே இறங்கின. இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, உடைந்த செங்கல், காலியான பெயிண்ட் டப்பா, தெர்மாகோல், ஒரு மூலை மட்டும் போன நல்ல டைல்ஸ். கொழுந்தன் ஒரு சட்டம் வைத்திருந்தார். மிஞ்சினதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மிச்சம் வைக்கப் பழகிவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். அதனால் நல்ல பொருளாக இருந்தாலும் சம்மட்டியால் ஒரு போடு போட்டுத்தான் குழியில் தள்ளுவார்கள். ஒவ்வொரு போடும் ஸ்டோர் அக்காவின் நெஞ்சில் விழும்.

இப்போது அந்தக் குழியின் மேல் பாய் விரித்த மாதிரி பச்சைப் புல். நடுவில் ஒரு பலகை. மழைநீர்ப் பூங்கா என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். மத்தியானம் பசுமைக் கட்டடப் பரிசுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக இப்படி ஒரு கூத்து நடக்கும் என்பது மட்டும் தெரியாது.

முற்றமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாப்பாட்டுப் பையைக்கூட கீழே வைக்காமல் ஸ்டோருக்குப் பின்பக்கம் ஓடினாள்.

அங்கேதான் அவளுடைய கம்பிவலை அடைப்பு. ஒரே மாடிக்கு ஜன்னல்களை ரெண்டு முறை ஆர்டர் போட்டு அசடு வழிந்தாரே கொழுந்தன், அந்த உபரி ஜன்னல்கள். ஓரத்தில் கீறல் விழுந்தது என்று ஒதுக்கிய கதவுகள். பாதிப் பெட்டி, கால் பெட்டி டைல்ஸ். சம்மட்டிக்குத் தப்ப வைத்து, சைஸ் பார்த்து, நடுவில் அட்டை கொடுத்து, தார்ப்பாய் போர்த்திக் கட்டி வைத்திருந்தாள். ஒரு வருஷமாகச் சேர்த்தது, இப்போது எல்லாம் நாத்தனாருக்காக.

நாத்தனார் என்றால் வாய்க்கு வாய் சண்டை பிடிக்கிறவள் என்று கதைகளில் வரும். இந்த நாத்தனார் வேறு ரகம். சைட்டில் கல் சுமக்கும் பெண்களின் குழந்தைகளை மூலையில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வெயில் ஏறினால் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. போன மாதம் ஒரு சின்னக் குழந்தை தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து தோள்பட்டை கொப்புளித்துப்போனது. அதற்குப் பிறகுதான் மிஞ்சிய பொருளை வைத்தே நல்ல சுவரும் ஜன்னலும் உள்ள ரெண்டு அறை கட்டிக் கொடுப்பதாக ஸ்டோர் அக்கா வாக்குக் கொடுத்தாள். நாத்தனார் கெஞ்சிக் கேட்டதில் தன் சட்டத்தைத் தளர்த்தி, குப்பையை அள்ளிக்கொண்டு போவதென்றால் தாராளமாகப் போங்கள் என்று கொழுந்தனும் தலையாட்டியிருந்தார். கொத்தனார் வந்து அஸ்திவாரத்துக்குக் கோடு போடப்போவது இன்றைக்குத்தான்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. தார்ப்பாய் அசையவில்லை. உள்ளே எல்லாம் பத்திரம்.

அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு அடுத்த நொடியே உறைத்தது. அப்படியானால் குழியில் போனது என்ன?

லிஃப்ட் பக்கம் போய்ப் பார்த்தாள். மேல் மாடி ஜன்னல்கள் இல்லை. கதவுகள் இல்லை. பெட்டி பெட்டியாக இறங்கிய டைல்ஸ் இல்லை. சேற்றில் பெட்டிகளின் தடம் மட்டும் இருந்தது.

பொக்லைன்காரர் வண்டி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

"குப்பையா கிடக்கிறதை எல்லாம் குழியில தள்ளி மூடுன்னு சின்னவர் சொன்னாருக்கா. சேத்துல கிடந்ததைத் தள்ளினேன். நீங்க அடுக்கி வச்சு மூடிப் பூட்டி வச்சிருந்தீங்க. அதான் சரக்குன்னு விட்டுட்டேன்."

"அத்தனையும் புதுசுய்யா. பிரிக்கக்கூட இல்லை."

"புதுசுன்னா அப்படியா போட்டு வைப்பாங்க?"

அந்த ஆளைத் திட்டிப் பயனில்லை. குப்பையைச் சரக்கு மாதிரி வைத்தவள் அவள். சரக்கைக் குப்பை மாதிரி போட்டவர் கொழுந்தன். வண்டிக்காரர் கண்ணால் கண்டதை நம்பினார், அவ்வளவுதான்.

மத்தியானம் கொழுந்தன் வந்தபோது புதுச் சட்டையும் புது ஹெல்மெட்டுமாக இருந்தார். ஒரு வார மௌனத்தை உடைத்து அவள்தான் பேச வேண்டியிருந்தது. சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. லிஃப்ட் பக்கம் போய் நின்றார், திரும்பி வந்தார், புல்வெளியைப் பார்த்தார். மறுபடி ஆர்டர் போட்டால் வந்து சேர மாசக்கணக்காகும். மேல் மாடியை வாங்கியவரோ இந்த மாதமே வீடு வேண்டும் என்று தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

தப்பு நடந்துபோச்சு அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மனசிறங்கியிருப்பாள். அப்படிப்பட்டவள்தான். ஆனால் அவர் சொன்னது வேறு.

"உங்களாலதான் அண்ணி இவ்வளவும். குப்பையைக் கொண்டுபோய்ப் பொக்கிஷம் மாதிரி அடுக்கி வச்சா எவனுக்குத்தான் குழம்பாது?"

அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த வெடி விழுந்தது. அந்த அடைப்பில் இருப்பதும் அதே சைஸ் ஜன்னல்தானே, சாவியைக் கொடுங்கள், பரிசுக்காரர்கள் போனதும் மேலே ஏற்றிவிடலாம் என்றார். நேற்று வரைக்கும் அது குப்பை. இன்றைக்கு அது நம்ம சரக்கு. வார்த்தை மாறுவதற்கு வெட்கம் வேண்டாமா?

"அது குழந்தைங்களுக்குன்னு சொன்னது தம்பி. கொத்தனார் கோடு போட்டுட்டு இருக்கார், பாருங்க."

கொட்டகைக்குப் பக்கத்தில் கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே பின்னால் நடந்தாள். குழந்தைகள் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு, இதுதான் என் இடம் என்று அடித்துக்கொண்டிருந்தன.

கொழுந்தன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலில் கார் சத்தம் கேட்டது.

பரிசுக்காரர்கள் ரெண்டு பேர், ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். புல்வெளியைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். அந்த ஐயா புல்லின் மேல் நின்று, காலடியில் ஒரு மாடி வீட்டின் ஜன்னல்களும் கதவுகளும் புதைந்து கிடப்பது தெரியாமல், எவ்வளவு சுத்தமான சைட் என்று வாய்விட்டே பாராட்டினார். ஸ்டோர் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

நடந்தபடியே அவர்கள் ஸ்டோரின் பின்பக்கம் வந்துவிட்டார்கள். அடைப்புக்குள் என்ன என்று அந்த அம்மா கேட்டாள். கொழுந்தனுக்கு நாக்குப் பிறழவில்லை, கண் இமைக்கவில்லை.

"எங்க சைட்டுல மிச்சம்னு ஒண்ணு கிடையாதுங்க. எது மிஞ்சினாலும் இப்படிப் பத்திரப்படுத்திடுவோம். இது அத்தனையும் வேலையாட்களோட குழந்தைங்களுக்கு. காப்பகம் கட்டப்போறோம். அங்கே கோடு போட்டுட்டு இருக்காங்களே, அதான்."

அந்த அம்மா நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் நின்ற குழந்தைகளையும் எடுத்தாள். சம்மட்டிச் சட்டம் போட்டவர் குழந்தைகளுக்குப் பின்னால் போய்க் கைகட்டிச் சிரித்து நின்றார். ஸ்டோர் அக்கா ஒரு வருஷமாக வெயிலில் நின்று சேர்த்ததும், நாத்தனார் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியதும் அந்த ஒரு சிரிப்பில் அவருடையதாகிவிட்டன. அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். உடைக்காததற்கு ஒரே காரணம்தான். அவர் சொன்ன சொல் நல்ல சொல்லாக இருந்தது. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், இனிமேல் மாற மாட்டார் என்று அவள் நம்பினாள். எத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் மனுஷனை எடைபோடத் தெரியவில்லை பாருங்கள்.

விருந்தாளிகளைத் தரைத்தளத்து மாதிரி வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஏசியும் கட்டிலும் திரைச்சீலையுமாக முழுசாக முடித்து வைத்த வீடு அது. இத்தனை பெரிய கட்டடத்தில் மனிதர் தங்கக்கூடிய ஒரே வீடு. அதில் யாரும் தங்குவதில்லை. ராத்திரியும் பகலும் பூட்டியே கிடக்கும். நாளைக்குக் காலையில்கூட ஒரு கூட்டம் பார்க்க வருவதாக இருந்தது.

கார் கேட்டைத் தாண்டிய மறுநிமிஷம், கொழுந்தன் கையை நீட்டினார். சாவி.

அவள் அசையவில்லை. அவர் அண்ணனைக் கூப்பிட்டார். அவள் கணவர் வந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரே சொல்லும். தம்பி சொன்னதை முழுசாகக் கேட்டார். மனைவி சொன்னதையும் முழுசாகக் கேட்டார். பிறகு செருப்பின் நுனியால் புல்லின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"முதல்ல தோண்டிப் பார்த்துடலாம்டா" என்றார்.

அவ்வளவு நீளமாக அவர் தம்பியிடம் மறுத்துப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குத் தெம்பு வந்தது. அந்த ஜன்னல்கள் எப்படிக் கட்டி வந்தன என்று அவளுக்குத் தெரியும். நாலு பக்கமும் மரச்சட்டம், நடுவில் மெத்தை மாதிரி பஞ்சு. மண்ணுக்குள் ஒரு பொழுது கிடந்ததால் ஒன்றும் ஆகியிருக்காது. கழுவித் துடைத்தால் போதும்.

கொழுந்தன் யோசித்தார். சரி, தோண்டுகிறேன், ஆனால் உடைந்து போயிருந்தால் அத்தனைக்கும் ஈடாக உங்கள் அடைப்பிலிருந்து கொடுக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார்.

"கொடுக்கிறேன்" என்றாள் அவள். யோசிக்காமல் சொன்னாள். நாத்தனாரைக் கேட்காமல் சொன்னாள்.

புல்லைச் சுருட்டினார்கள். பொக்லைன் உறுமிக்கொண்டு இறங்கியது. முதல் வாரலில் வெறும் மண். அடுத்ததில் ஒரு கதவு வந்தது, நடுவில் மடிந்து. அதன்பின் வந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். மரச்சட்டம் நொறுங்கி, அலுமினியம் வளைந்து, கண்ணாடி தூளாகி, பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே சலசலத்தது. டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கினால் ஓட்டுச் சில்லு கொட்டியது. ஒரேயொரு ஜன்னல் முழுசாக வந்தது.

அவள் வண்டிக்காரரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புல் மட்டமாக உட்கார வேண்டும் என்று வண்டியை ஏற்றி ஏற்றி மிதிக்கச் சொன்னாராம் சின்னவர்.

"பார்த்தீங்களா, அத்தனையும் போச்சு" என்றார் கொழுந்தன், ஏதோ அவள்தான் உள்ளே இறங்கி உடைத்துவிட்டு வந்த மாதிரி. "இப்ப சொன்ன சொல்லைக் காப்பாத்துங்க அண்ணி."

நாத்தனார் அங்கே வந்து நின்றிருந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு. அவள் அடைப்பின் பூட்டைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நீங்களும் இன்னைக்கு ஒரு சொல்லு சொன்னீங்க தம்பி" என்றாள் ஸ்டோர் அக்கா. "அது அத்தனையும் குழந்தைங்களுக்குன்னு. பிள்ளைங்களை நிக்க வச்சுப் படம் வேற எடுத்துக்கிட்டீங்க."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"நான் பேச்சுக்குச் சொல்லலை."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அடைப்பின் சாவியைக் கழற்றினாள். கொழுந்தனின் உள்ளங்கையில் வைத்தாள். நாத்தனாரின் கண் நிறைந்து வழிந்தது. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் சாவியைப் பையில் போட்டு, ஆட்களைக் கூப்பிடத் திரும்பினார். நன்றி என்றுகூட ஒரு சொல் வரவில்லை.

அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. வாழ வந்த நாளிலிருந்து விட்டுக்கொடுத்தே பழகியவள். விட்டுக்கொடுத்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றைக்குத்தான் பார்த்தாள். அதுவும் குழிக்குத்தான் போயிருந்தது.

கொத்தில் இன்னொரு சாவியைத் தேடி எடுத்தாள். அதையும் கழற்றினாள். நாத்தனாரின் சுண்ணாம்புக் கையைப் பிடித்து அதில் வைத்து மூடினாள்.

"மாதிரி வீட்டுச் சாவி. பிள்ளைங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போ. இந்த சைட்டுல ஜன்னலோட முழுசா முடிச்ச வீடு அது ஒண்ணுதான். உங்க ஜன்னல் உங்களுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் அங்கே இருங்க."

நாத்தனார் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் ஓடினாள்.

தூக்கக் கலக்கத்தில் சில குழந்தைகள், ஆட்டம் போட்டுக்கொண்டே சில, பாய், தண்ணீர்க் குடம், கிலுகிலுப்பை என்று ஊர்வலம் கிளம்பியது. தோள்பட்டையில் தழும்புள்ள பொடிசை அவள் கணவர் போய்த் தூக்கிக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகத்தான் போனார். மேலே கலவை சுமந்துகொண்டிருந்த தாய்மார்கள் சாரத்தின் ஓரத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கொழுந்தன் ஓடி வந்து சேர்வதற்குள் பாதி உள்ளே போயாயிற்று. வெள்ளைத் தரையில் சேற்றுக் கால் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. யாரோ ஒரு குழந்தை கட்டிலில் ஏறிக் குதிக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில ஆளுங்க வீடு பார்க்க வர்றாங்க அண்ணி. விளையாடாதீங்க."

"வரட்டும். வீடு எப்படின்னு குடியிருக்கிறவங்களே சொல்லுவாங்க."

அவர் போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தார். வண்டி அனுப்புகிறேன், இப்பவே கிளம்பி வாங்க, அண்ணியும் அக்காவும் சேர்ந்து கம்பெனி மானத்தை வாங்குகிறார்கள் என்று கத்தினார். அந்தப் பக்கம் மாமனார் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. கொழுந்தன் மட்டும் பாதிப் பேச்சிலேயே போனைப் பையில் திணித்தார்.

பிறகு, நாத்தனார் குழந்தைகளோடு உள்ளே போய்ச் சாத்திவிட்ட கதவைத் தட்டப் போனார். கைப்பிடியைத் திருகினார், தோளால் இடித்தார், அக்கா திற என்று அதட்டினார்.

உள்ளே ஏற்கெனவே தாழ்ப்பாள் விழுந்திருந்தது. நல்ல கனமான தாழ்ப்பாள், வெளியிலிருந்து எப்பேர்ப்பட்டவனாலும் திறக்க முடியாத ரகம். ஸ்டோர் அக்காவே பார்த்து வாங்கிப் போட்டது.